அவர் சரிபார்த்த தாழ்ப்பாள்

1

போன வாரம் பக்கத்து வீட்டு ஷாமளா சுவரில் மாட்டுவதற்காக ஒரு பலகையில் ஸ்குரு ஏற்றிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகிப் புதிதாகக் குடிவந்திருக்கும் பெண். மலேசியாவில், இந்தக் கிள்ளானில் எங்கள் வரிசையில் வீடுகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டியவை. என் வீட்டு வாசலில் நின்றால் அவள் வீட்டில் கார் நிறுத்தும் இடம் முழுக்கத் தெரியும். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பலகையைத் தொடையில் சாய்த்து வைத்து, பேட்டரித் திருப்புளியை அழுத்திக்கொண்டிருந்தாள். தலைக்குக் குளித்த ஈரம் காயட்டும் என்று முடியை விரித்துப் போட்டிருந்தாள். அவள் குனியும்போதெல்லாம் முடியின் நுனி, சுழலும் முனைக்குப் பக்கத்தில் போய்ப் போய் வந்தது.

"ஏய், நிறுத்து! முடிய கட்டு மொதல்ல!"

நான் போட்ட சத்தத்தில் அவள் திருப்புளியைக் கீழே போட்டுவிட்டாள்.

"என்னாச்சு ஆன்டி?"

"பலகைய மேசை மேல வை. தொடைல வெச்சு ஏத்தறியே, நழுவுனா எங்க போய் ஏறும்? அத கீழ வைக்கறதுக்கு முன்னாடி பேட்டரிய கழட்டணும்னு யாரும் சொல்லலியா?"

"ஆன்டிக்கு இதெல்லாம் தெரியுமா லா!" என்று இந்த ஊர்ப் பேச்சின் 'லா'வோடு சிரித்தாள். சிரித்துக்கொண்டே முடியையும் கொண்டை போட்டுக்கொண்டாள். நல்ல பிள்ளை.

உள்ளே வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அவளிடம் சொன்ன ஒரு வார்த்தைகூட என்னுடையது இல்லை. 'ஏய்' என்று ஆரம்பித்த அந்த அதட்டல்கூட என் வீட்டுக்காரருடையதுதான். அவர் போய் இந்த மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது.

திருச்சியில் இருக்கும் என் தங்கை போனில் பேசும்போதெல்லாம், "அத்தான் கடைசில எப்படிக்கா இருந்தாரு?" என்று கேட்பாள். "நல்லாத்தான் இருந்தாரு" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன். வெளிநாட்டுப் போனில் அழுதுகொண்டிருக்க முடியாது. அவளுக்கும், அவளைப் போல ஊரில் இருந்துகொண்டு எங்களைப் பற்றிக் கேட்பவர்களுக்கும் உட்கார்ந்து எழுதினால்தான் சொல்ல முடியும் என்று தோன்றியது.

2

அவர் பெயர் ராஜு. பிறந்து வளர்ந்தது கோலாலம்பூரில், பிரிக்ஃபீல்ட்ஸில். ரயில்வே ஷெட்டில் ஃபிட்டர் வேலை. அவருடைய அப்பாவுக்கு லால்குடிப் பக்கம் உறவுகள் இருந்தார்கள். அந்த வழியில் என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் சென்னையில் கப்பல் ஏறி இங்கே வந்து இறங்கினேன். ரயில் பாதைக்குப் பின்னால் ஒரு வரிசைக் குவார்ட்டர்ஸில் எங்களுக்கு ஒரு வீடு.

முதல் சில வருஷங்கள் குடிநுழைவு அலுவலகத்துக்கு அலைவதிலேயே போயின. இங்கே தங்குவதற்கான பாஸ் முடிவதற்குள் போய்ப் புதுப்பிக்க வேண்டும். ஒரு தடவை கவுன்டரில் இருந்த மலாய்க்காரப் பெண் என்னைப் பார்த்து, "சுவாமி மானா?" என்று கேட்டாள். இந்த ஊரில் சுவாமி படம்கூடக் கேட்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, கைப்பையில் வைத்திருந்த சமயபுரத்தம்மன் படத்தை எடுத்து நீட்டினேன். மலாயில் 'சுவாமி' என்றால் கணவன். 'மானா' என்றால் எங்கே. கணவன் எனக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சிரிப்பு. மனைவிக்கு மலாயில் 'இஸ்திரி' என்று அன்றைக்குத்தான் சொல்லிக்கொடுத்தார். "சரியாத்தான் பேரு வெச்சிருக்கானுங்க. என்னைய போட்டு தேய்ச்சு எடுக்கற இல்ல?" என்றார்.

வெகுநாள் கழித்து எனக்குச் சிவப்பு அடையாள அட்டை கிடைத்தது. நிரந்தரமாக இருக்கலாம், ஆனால் குடிமகள் இல்லை. அவருக்கும் எங்கள் பிள்ளை குணாவுக்கும் நீல அட்டை. குடியுரிமைக்கு எழுதிப் போட்டு, மலாய் நேர்முகத்தில் உளறிக்கொட்டி, பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. "கலர்ல என்னா இருக்கு, ஒரே வீட்டுலதான இருக்கோம்" என்பார்.

3

அவர் ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுக் கிள்ளானுக்கு வந்தோம். குணா ஒரு மணி நேரம் தள்ளி, செமினியில் வீடு வாங்கிக்கொண்டு போனான். தொழிற்சாலையில் இன்ஜினியர். அவன் வீட்டில் எல்லாம் ஆங்கிலம்தான். பேத்தி லீனா போனில், "ஹலோ பாட்டி, ஹவ் ஆர் யூ?" என்பாள். நான் "ஃபைன்" என்பேன். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் போக வழி தெரியாது.

ஒரு தீபாவளிக்குக் குணா, ஷாமளாவிடம் இருப்பது மாதிரி ஒரு பேட்டரித் திருப்புளியை அப்பாவுக்கு வாங்கி வந்தான். அரைக் கிலோ கனம்தான் இருக்கும். கைத்துப்பாக்கி மாதிரி பிடி, விரலுக்கு ஒரு விசை. அவர் அதை இரண்டு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு, "கை இல்லாதவனுக்கு செஞ்சது" என்று மேசையில் வைத்துவிட்டார். குணாவின் முகம் விழுந்துவிட்டது. அவன் கிளம்பிப் போன மறுநாளே எடுத்து சார்ஜ் போட்டுவிட்டு, வீட்டிலிருந்த அத்தனை கதவுக் கீலையும் கழற்றிக் கழற்றி மாட்டினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"சரோ, இங்க வா. நீயும் கத்துக்க."

"எனக்கு எதுக்குங்க?"

"எனக்கு மூட்டு புடிச்சுக்குது. நான் ஆஸ்பத்திரில கெடந்தா சுவிட்சு மூடிய யாரு மாட்டுவா? செமினிலேர்ந்து உன் மவன் வருவானா?"

உடனே கையில் கொடுத்துவிடவில்லை. முதலில் முடியைக் கட்டச் சொன்னார். முந்தானையை இடுப்பில் சொருகச் சொன்னார். கண்ணாடி போடச் சொன்னார். "இரும்புத் தூள் ஒன்னு போனா போதும். ஷெட்ல ஒருத்தனுக்கு கண்ணு போனத நான் பாத்திருக்கேன்." விசையில் விரலை வைத்துக்கொண்டே நடந்தால் திட்டினார். முனை மாற்றும்போது பேட்டரியைக் கழற்றாவிட்டால் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். ஸ்குருவின் தலையில் முனை, அவர் பாஷையில் 'பிட்டு', ஆடாமல் உட்கார வேண்டும், ஆடினால் அது அளவு தப்பு, வேறு முனை எடு என்றார். மரத்தில் ஆணியால் சின்னதாக ஒரு குழி போட்டுவிட்டுத்தான் ஸ்குருவை நிறுத்த வேண்டும். பிடித்திருக்கும் கை ஸ்குரு போகும் வழியில் இருக்கக் கூடாது. சுவரில் பிளக் இருந்தால் அதற்கு நேர் மேலேயும் கீழேயும் துளை போடவே கூடாது. உள்ளே ஒயர் ஓடும்.

"சின்ன மெசின்தானங்க?"

"சின்ன மெசின்னுதான் யாரும் பயப்பட மாட்டாங்க. அதான் இதுல ஆபத்து."

அன்றைக்கு நான் ஒரு பழைய பலகையில் ஏற்றிய ஸ்குரு கோணலாக நின்றது. அவர் அதைக் கழற்றவிடவில்லை. பலகையை அடுப்படிச் சுவரில் சாய்த்து வைத்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார்.

4

அவருக்கு மறதி இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது அந்தத் திருப்புளியால்தான். பெயர்களை மறப்பதும், மணி பார்த்துவிட்டு மறுபடி மணி கேட்பதும் வயசாகிற எல்லோருக்கும் வருவதுதானே என்று விட்டுவிட்டேன். ஒரு காலையில் அடுப்படியில் இருந்தபோது திருப்புளி ஓடும் சத்தமும் ஏதோ தெறிக்கிற சத்தமும் கேட்டன. போய்ப் பார்த்தால் உள்ளங்கையில் ரத்தம். பேட்டரியைக் கழற்றாமலே முனையை மாற்றியிருக்கிறார். விரல் விசையில் பட்டிருக்கிறது.

நான் பயந்தது காயத்தைப் பார்த்து இல்லை. காயம் சின்னதுதான். அவர் அந்த ரத்தத்தை யாருடையதோ போல நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "பேட்டரிய கழட்டலியாங்க?" என்று கேட்டேன்.

"எந்த பேட்டரி?" என்றார்.

மருத்துவர் தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, மூளை சுருங்கிக்கொண்டு வருகிறது, இதற்கு மருந்து இல்லை, பாதுகாப்பாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார். பாதுகாப்பு என்றால் என்ன என்பதை வீட்டுக்கு வந்துதான் படித்தோம். ஒரு நாள் பிளக்கின் மூடியைக் கழற்றி, ஒயரை வெளியே இழுத்துவிட்டு, விரலால் தொடப் போனார். நான் ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினேன். அன்றிலிருந்து திருப்புளி ஓரிடத்திலும் அதன் பேட்டரி வேறோர் இடத்திலும் இருந்தன. அவர் திருப்புளியைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து விசையை அழுத்துவார். ஓடாது. மறுபடி அழுத்துவார். காதில் வைத்துப் பார்ப்பார். "பழுது ஆயிடுச்சு சரோ" என்பார். "ஆமாங்க, பழுதாயிடுச்சு" என்பேன். ஷெட்டில் எந்த எந்திரத்தையும் பழுதென்று விட்டுவிட்டு வராத மனுஷன். அதை மடியில் வைத்துத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பார்க்க முடியாமல் துணி காயப்போடப் போய்விடுவேன்.

பாஷைகள் ஒவ்வொன்றாக அவரை விட்டுப் போயின. முதலில் ஆங்கிலம். குணாவும் மருமகளும் வரும்போது பேசிக்கொள்வதை வாய் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு மலாய். சின்ன வயசிலிருந்து பேசிய மலாய் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. கறிகாய் லோரிக்காரர் வந்து விலை சொன்னால் என்னைத் திரும்பிப் பார்ப்பார். வந்த புதிதில் நான் அவரை அப்படித்தான் பார்த்தேன். லீனா ஒரு தடவை சாவி கொடுத்தால் ஓடும் பொம்மையைக் கொண்டுவந்து, "தாத்தா, கேன் யூ ஃபிக்ஸ் திஸ்?" என்றாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இன்னொரு தரம் கேட்டாள். அதற்கப்புறம் பொம்மையை எடுத்துக்கொண்டு மெதுவாக அவளுடைய அம்மாவிடம் போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை அவரிடம் எதையும் கொண்டுவரவில்லை.

5

சாயங்காலம் வெயில் சாயத் தொடங்கியதும் அவருக்கு ஒரு பரபரப்பு வரும். சட்டையை மாட்டிக்கொள்வார். "நான் வரேன், நேரமாச்சு" என்று கிளம்புவார். எங்கே என்று கேட்டால் "வீட்டுக்கு" என்பார். இதுதான் வீடு என்று சொன்னால் கோபம் வரும்.

முன்பக்கம் இரும்புக் கதவு இருந்தது, பூட்டி வைத்தேன். அடுப்படிக்குப் பின்னால் இருக்கும் மரக்கதவு வழியாக ஒரு நாள் போய்விட்டார். நான் குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், கதவு திறந்து கிடக்கிறது. பின்சந்து முழுக்கத் தேடினேன். பசார் பக்கம் ஓடினேன். ஸ்டேஷன் வரை போய்ப் பார்த்தேன். இருட்டும் சமயத்தில் போலீஸ் நிலையத்திலிருந்து போன் வந்தது. எப்படியோ ரயிலேறிக் கோலாலம்பூர் போய் இறங்கி, பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் பழைய குவார்ட்டர்ஸ் இருந்த இடத்தில் நின்றிருக்கிறார். அங்கே இப்போது குவார்ட்டர்ஸ் இல்லை. இடித்துத் தகரவேலி போட்டிருக்கிறார்கள். தகரத்தைத் தட்டிக்கொண்டே இருந்தாராம். சட்டைப்பையில் இருந்த பழைய மின்சார பில்லைப் பார்த்து எங்கள் எண்ணைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள்.

குணா செமினியிலிருந்து வருவதற்குள் நான் டாக்சி பிடித்துப் போய்விட்டேன். கவுன்டரில் இருந்த மலாய்க்காரப் போலீஸ்காரர் சின்ன வயசு. என் சிவப்பு அட்டையையும் நான் எடுத்துப் போயிருந்த என் வீட்டுக்காரரின் நீல அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இஸ்திரி?" என்று கேட்டார். தலையாட்டினேன். என் வீட்டுக்காரர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து மைலோ பானம் குடித்துக்கொண்டிருந்தார். அவர்கள்தான் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். என்னைப் பார்த்து, "வந்துட்டியா சரோ? வீட்ட காணோம்" என்றார்.

அந்தப் போலீஸ்காரர் எங்களை வாசல் வரை கொண்டுவந்துவிட்டு, "ஆன்டி, குஞ்சி பிந்து" என்றார். கதவைப் பூட்டி வையுங்கள் என்கிறார்.

குணாவும் வந்து அதையேதான் சொன்னான். "மா, பேக் டோர்ல ஒரு லாட்ச் போட்டு பேட்லாக் போடுங்க. சிம்பிள் லா. இல்லன்னா சொல்லுங்க, எங்க ஏரியால ஒரு நல்ல ஹோம் இருக்கு."

"ஹோமா?"

"நான் என்னா மா பண்ணட்டும்? நான் வேலைக்கு போறேன், அவளும் வேலைக்கு போறா."

சொல்லிவிட்டு அவன் காருக்குள் உட்கார்ந்து அழுததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பிள்ளைகளைக் குறை சொல்லி நான் இதை எழுதவில்லை.

6

முதல் தாழ்ப்பாளை நானே கைத் திருப்புளியால் மாட்டினேன். அவருடைய டப்பாவில் கிடந்த ஒற்றை வெட்டு ஸ்குருக்களைப் போட்டு, பூட்டும் போட்டேன். மறுநாள் மத்தியானம் வந்து பார்த்தால் பூட்டு பூட்டியபடியே, தாழ்ப்பாளோடு தரையில் கிடக்கிறது. ஒரு சில்லறைக் காசை ஸ்குரு வெட்டில் நுழைத்துத் திருகிக் கழற்றியிருக்கிறார். ஸ்குருக்களை வரிசையாக அடுப்பு மேடையில் அடுக்கியும் வைத்திருக்கிறார். நல்லவேளை, சந்து முனையிலேயே பிடித்துவிட்டேன். பேத்தி பெயர் மறந்துபோன மனுஷனுக்கு இது மறக்கவில்லை.

இரும்புச் சாமான் கடையின் சீன முதலாளி, தவுக்கேயிடம் போய்ச் சொன்னேன். அவர் நட்சத்திர வெட்டு போட்ட நீள ஸ்குருக்களை எடுத்துக் கொடுத்தார். காசுக்குத் திரும்பாது. கையால் ஏற்றவும் எனக்குப் பலம் போதாது. அதனால் ஒளித்து வைத்திருந்த பேட்டரியை எடுத்து சார்ஜ் போட்டேன்.

கஞ்சி குடித்துவிட்டு அவர் படுத்திருந்த நேரம். முடியைக் கட்டிக்கொண்டேன். முந்தானையைச் சொருகிக்கொண்டேன். கண்ணாடி போட்டேன். கதவில் ஆணியால் குழி போட்டு, முதல் ஸ்குருவை ஏற்றினேன். சத்தம் கேட்டு எழுந்து வந்து எனக்குப் பின்னால் நின்றிருக்கிறார். நான் பார்க்கவில்லை.

"பிட்டு சரியா உக்காரல."

திடுக்கிட்டுத் திரும்பினேன். முதல் வேலையாக விசையிலிருந்து விரலை எடுத்தேன். பிடுங்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் பிடுங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஷெட்டில் ஒரு மேஸ்திரி நிற்பது போல நின்றார். முகத்தில் பல மாதமாக இல்லாத ஒரு தெளிவு.

"புதுசா வேலைக்கு வந்தியா தங்கச்சி?"

நாற்பது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்திய மனுஷன் என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டார்.

"ஆமாங்க" என்றேன்.

"பரவால்ல, பொண்ணுங்களையும் எடுக்கறானுங்க. பேட்டரிய கழட்டு. ம், கழட்டு. இப்ப பிட்ட மாத்து. ஆடுதா பாரு."

மாற்றினேன். ஆடவில்லை.

"நான் புடிச்சுக்கறேன், நீ ஏத்து. என் வெரல பாத்து. மொதல்ல மெதுவா. பாதி போனதும் அழுத்து."

அவர் தாழ்ப்பாளை நேராகப் பிடித்துக்கொண்டார். ஸ்குரு போகும் வழியை விட்டு விரல்களை ஒதுக்கி, உள்ளங்கையால் அமர்த்திப் பிடித்தார். கை நடுங்கவே இல்லை. நான் ஒவ்வொன்றாக ஏற்றினேன். அவரை அடைத்து வைக்கிற தாழ்ப்பாளை அவரே கோணாமல் பிடித்துக் கொடுக்கிறார். 'வேண்டாங்க, விட்டுடுங்க' என்று வாய் வரை வந்தது. நிறுத்தினால் அவர் முகத்தில் இருக்கும் அந்தத் தெளிவு போய்விடுமே என்று ஏற்றிக்கொண்டே இருந்தேன்.

முடிந்ததும் தாழ்ப்பாளைத் தள்ளிப் பார்த்தார். இழுத்துப் பார்த்தார். ஒரு காலைக் கதவில் ஊன்றி, பலம் கொடுத்து ஆட்டிப் பார்த்தார்.

"ம். இனிமே எவனும் தொறக்க முடியாது" என்று என் தோளில் தட்டினார். "நல்லா வருவ தங்கச்சி."

நான் பூட்டைப் போட்டேன். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, பேட்டரியைக் கழற்றித் தனியாக எடுத்து வைத்தேன். அவர் குழாயில் கை கழுவினார். சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். நேராகக் கதவுக்குப் போய்த் தாழ்ப்பாளை இழுத்தார். வரவில்லை. பூட்டைப் பார்த்தார். மறுபடி இழுத்தார். அவர் கை அந்த ஸ்குருக்கள் மேல் ஒவ்வொன்றாகப் போய்த் தடவியது. பிறகு என் பக்கம் திரும்பினார். கண்ணில் தண்ணீர்.

"தொறந்து விடும்மா தங்கச்சி. நான் வீட்டுக்குப் போவணும்."

"வீட்டுல என்னங்க வேலை? இங்கயே இருங்களேன்."

"சரோ தனியா இருக்காம்மா. ஊர்லேர்ந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆச்சு. ஒருத்தரையும் தெரியாது அவளுக்கு. ரயிலு போனா வீடே ஆடும், குலை நடுங்கிப் போயிடுவா. சங்கு ஊதுனதும் ஓடியாந்துடறேன்னு சொல்லிட்டு வந்தேன். பாத்துக்கிட்டு நிப்பா."

எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. கப்பலிலிருந்து இறங்கிய முதல் மாதங்களில் ஷெட்டில் சங்கு ஊதியதும் மற்றவர்கள் எல்லாம் டீக்கடைக்குப் போவார்கள். இவர் மட்டும் எண்ணெய்க் கையோடு தண்டவாளத்தைத் தாண்டி ஓடிவருவார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். எத்தனையோ வருஷங்களுக்கு முன்னால் நின்றுபோன விஷயம்.

இவர் தினமும் எங்கே ஓடப் பார்க்கிறார் என்று தெரியாமல் நான் பூட்டிக்கொண்டிருந்தேன். என்னிடம் வரத்தான் ஓடப் பார்த்திருக்கிறார்.

சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தேன். அவர் சந்தில் இறங்கி வேகமாக நடந்தார். நானும் கூடவே நடந்தேன். சந்து முடிந்து, வரிசையைச் சுற்றி, எங்கள் வீட்டு முன்வாசலுக்கு வந்தோம். அங்கே நான் முந்திக்கொண்டு இரும்புக் கதவைத் திறந்து உள்ளே போய் நின்று, "வந்துட்டீங்களா?" என்று கேட்டேன்.

நிமிர்ந்து பார்த்தார். மெதுவாக முகம் மலர்ந்தது.

"வந்துட்டேன் சரோ" என்றார்.

7

அந்தத் தாழ்ப்பாளை நான் கழற்றவில்லை. அது இல்லாமல் என்னால் குளிக்கக்கூடப் போயிருக்க முடியாது. ஆனால் வெயில் சாய்ந்ததும் நானே பூட்டைத் திறந்துவிட்டு அவரோடு நடப்பேன். மழை பெய்தால் குடையோடு நடப்போம். சில நாள் முன்வாசலில் என்னைத் தெரிந்துகொள்வார். சில நாள் சும்மா உள்ளே வந்து உட்கார்ந்துகொள்வார். குணா கேட்டான், இந்தச் சுற்று எதற்கு மா என்று. அப்பா வீட்டுக்கு வருகிறார் என்றேன். அவன் அதற்குமேல் கேட்கவில்லை. ஹோம் பேச்சும் எடுக்கவில்லை.

பிறகு நெஞ்சில் சளி கட்டியது. மருத்துவமனையில் சேர்த்தோம், திரும்பவில்லை. அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை; அங்கே அவர் பேசவே இல்லை. அவர் பேசிய கடைசிச் சாயங்காலத்தைத்தான் என் தங்கைக்கு நான் இதுவரை சொன்னதில்லை.

அன்றைக்கும் நடந்துவிட்டு வந்தோம். பக்கத்துச் சூராவில், அந்தச் சின்னப் பள்ளிவாசலில், தொழுகைக்கு அழைத்துக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே போய் நின்று, "வந்துட்டீங்களா?" என்றேன். அவர் கார் நிறுத்தும் இடத்திலேயே நின்றுவிட்டார். உள்ளே ஒரு கால்கூட வைக்கவில்லை.

"வாங்க உள்ள."

"இல்லக்கா" என்றார்.

தங்கச்சி போய் அக்காவாகிவிட்டேன். அவர் மனதில் அவருக்கு இளம் வயசு. எதிரில் நிற்பது நரைத்த தலை.

"தப்பா நெனைக்காதீங்கக்கா. பொம்பள தனியா இருக்கற வூட்டுக்குள்ள நான் வரக்கூடாது. எங்க வீட்டுக்காரி கேட்டா சங்கடப்படுவா."

நாற்காலி கொண்டுவந்து போட்டேன். மரியாதையாக உட்கார்ந்தார். நான் படியில் உட்கார்ந்தேன். ஒரு மோட்டார் சைக்கிள் போயிற்று. பிறகு அவராகவே கேட்டார்.

"அக்கா, ஒரு ஒத்தாசை பண்ணுவீங்களா?"

"சொல்லுங்க தம்பி."

"எனக்கு காலு வலிக்குது. இன்னைக்கு நடக்க முடியும்னு தோணல. நீங்க போயி எங்க வூட்டுல அவகூட கொஞ்ச நேரம் இருக்கீங்களா? ரொம்ப பேச வேணாம். பக்கத்துல ஒரு ஆளு இருந்தா போதும் அவளுக்கு."

"போறேன் தம்பி."

"இப்பவே போங்கக்கா. இருட்டுது."

நான் எழுந்தேன். போவதற்கு வேறு வீடு இல்லை. படியேறி உள்ளே போனேன். விளக்குப் போடாமல் கூடத்தில் நின்றேன். வெளியே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"இருக்காளாக்கா?" என்று அங்கிருந்தே கேட்டார்.

"இருக்காங்க தம்பி."

"அழறாளா?"

முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

"இல்ல தம்பி. நல்லா இருக்காங்க."

"சரி" என்றார். பெருமூச்சு விட்டது கூடம் வரை கேட்டது. "நான் வெளியதான் இருக்கேன்னு சொல்லுங்க. பயப்படாம தூங்கச் சொல்லுங்க."